வெர்னாவின் முள்ளில்லாத மீன்

வெர்னா ஹோவ்லண்ட் எங்கள் ஊரின் ஒரே பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர். மழலை வகுப்பிலிருந்து போன ஜூனில் நான் பள்ளி முடிக்கும்வரை, தினமும் காலையில் அவர் வண்டிக் கண்ணாடியில்தான் என் தலைமுடியைச் சரிசெய்திருக்கிறேன். பின்வரிசையில் யாராவது சண்டை போட்டால் அவர் வண்டியை நிறுத்தமாட்டார், திரும்பியும் பார்க்கமாட்டார். ஒலிபெருக்கியை எடுத்துச் சண்டைபோடுகிறவனின் அம்மா பெயரை மட்டும் சொல்வார். அது போதும்.

கோடையில் பள்ளி கிடையாது. அப்போது வெர்னா மீன் பிடிப்பார். பதினெட்டடி அலுமினியப் படகு ஒன்று, ஒரு வலை, வீட்டுத் தேவைக்குப் பிடிக்க அரசாங்கம் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. அந்த மீனை விற்கக்கூடாது. விற்கலாம் என்றாலும் அவர் விற்கமாட்டார், கொடுப்பார். படகில் ஏறினாலே வாந்தி எடுக்கும் பாதிரியாருக்கு, புதிதாக வந்த ஆசிரியைக்கு, தன் படகின் எஞ்சின் கெட்டுப்போன வருடத்தில் ஹால்வர் நெஸ்ஸுக்குக் குளிர்காலம் முழுக்க. எங்கள் வீட்டுக்கும். அப்பா சியாட்டிலுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட வருடம், எங்கள் குளிர்பெட்டியில் வெர்னாவின் கையெழுத்து போட்ட பொட்டலங்கள் இருபது இருந்தன. என் அம்மா லிகாயா பதிலுக்கு என்ன கொடுத்தாலும் அவர் வாங்கியதில்லை. "எனக்கு எதுக்கு லிகாயா, எங்கிட்ட எல்லாம் இருக்கு" என்பார். வெர்னாவைப் பற்றி ஒரே வரியில் எழுதச் சொன்னால் அந்த வரியைத்தான் எழுதுவேன்.

ஆல்டர் கோவ் என்கிற எங்கள் ஊரில் யாரும் மீன் வாங்குவதில்லை. பிடிப்பார்கள், இல்லையென்றால் பிடித்தவர்கள் கொடுப்பார்கள். இங்கே காசு கொடுத்து சால்மன் வாங்குவது, மழையில் நின்றுகொண்டு தண்ணீர் பாட்டில் வாங்குவதைப் போல. மீன் ஆலையின் வாசலில் ஒரு சிறிய கடை இருக்கிறது. அது கப்பலில் வரும் சுற்றுலாக்காரர்களுக்கு. அங்கே கல்லாவில் நிற்பது என் அம்மாதான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். மீனை வெட்டிப் பையில் போட்டதும் அதன்மேல் நீல நிற ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, பிடித்தவர் பெயர், இடம், தேதி எழுதுவோம். விருந்துக்குக் கொண்டுபோனாலும் தட்டின் ஓரத்தில் அந்தத் தாள் இருக்கும். சாப்பிடுவதற்கு முன் எல்லாரும் அதைத்தான் படிப்பார்கள். அது இல்லாத மீனை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் தொடுவதற்கு முன் ஒரு நொடி யோசிப்பார்கள்.

இருபத்திரண்டு வருடங்களாக ஊரில் எந்தத் திருமணம் என்றாலும் விருந்துக்கு மீன் வெர்னாவுடையது. அவரே பிடித்து, அவரே வெட்டி, அவரே சுட்டுத் தருவது. போன வருடம் ஜூலை முதல் சனிக்கிழமை அவருடைய ஒரே மகள் கிர்ஸ்டனுக்குத் திருமணம். மாப்பிள்ளை ட்ராய், கடலே இல்லாத நெப்ராஸ்காவில் சோளம் விளைவிக்கும் குடும்பத்துப் பையன். ஊருக்கெல்லாம் மீன் போட்டவர் சொந்த மகளுக்கு எப்படிப் போடப்போகிறார் என்று ஊரே காத்திருந்தது.

வெர்னாவிடம் ஒரு மீன்கூட இல்லை.

இதற்குப்பின் நடந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். நான் கூட்டாமல் எழுதுகிறேன்.

மார்ச் மாதம் படகின் பேட்டரிக்கு மின்னேற்ற, கொட்டகையில் இருந்த பெரிய குளிர்பெட்டியின் செருகியைப் பிடுங்கினார். பேட்டரியை எடுத்துப்போனவர் செருகியை மறுபடி மாட்ட மறந்துவிட்டார். அதை முதலில் கண்டுபிடித்தவை கழுகுகள். ஒரு வாரம் கழித்து, கொட்டகைக் கூரையில் பதினோரு கழுகுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, திருமணத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் போல. வெர்னா ஒரே காலையில் எல்லா மீனையும் படகில் ஏற்றிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார். கேட்டவர்களிடம், "தூண்டிலுக்கு வச்ச பழைய நெத்திலி கெட்டுப்போச்சு" என்றார். சால்மன் எப்படி என்று கேட்டால், "அது பெட்டி நிறைய இருக்கு" என்றார்.

பரவாயில்லை, ஜூனில் சிவப்பன் வரும், பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தார். சிவப்பன் என்பது நாங்கள் ஒரு வகை சால்மனுக்கு வைத்திருக்கும் பெயர். மொத்தம் ஐந்து வகை. சிறு பிள்ளைகளுக்கு விரல் விட்டுச் சொல்லித்தருவோம். உயரமான நடுவிரல் ராஜா, மோதிர விரல் வெள்ளியன், சுண்டுவிரல் சின்னக் கூனன், கட்டைவிரல் நாய்மீன், நீட்டிக் காட்டுகிற ஆள்காட்டி விரல் சிவப்பன். விருந்துக்குச் சிவப்பன்தான்.

ஆனால் மே கடைசியில், கடல் நன்றாக வற்றியிருந்த நேரம், மிதக்கும் படகுத்துறைக்கு இறங்கும் பாலம் ஏணியைப் போலச் செங்குத்தாக நின்றது. கையில் வலையோடு இறங்கிய வெர்னா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. விரல் நுனி தவிர முழங்கை வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் படகுப்பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஹால்வர் நெஸ் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். அறுபது வயது. மீன்பிடித் தொழில்தான், 'இங்கா' என்ற பெயருள்ள படகு வைத்திருக்கிறார். பிடிப்பதை ஆலைக்கு விற்கிறார். மாவுக்கட்டைப் பார்த்த அன்றே வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டார்.

"வெர்னா, கல்யாணத்துக்கு மீன் நான் கொண்டு வரட்டுமா? சும்மாத்தான். எத்தனை வேணும்னு மட்டும் சொல்லு."

"எனக்கு மீன் குடுக்கற அளவுக்கு எப்போ வளந்தே நீ?"

"கட்டு போட்டிருக்கியேன்னு கேட்டேன்."

"கட்டு கைக்குத்தான் போட்டிருக்கு, குளிர்பெட்டிக்கு இல்ல. எங்கிட்ட எல்லாம் இருக்கு."

இப்படி மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை அவர் கையில் ஒரு சிவப்பன் துடித்துக்கொண்டே இருந்தது. வெர்னா கதவைச் சாத்திவிட்டார்.

அவருக்கும் இது முட்டாள்தனம் என்று தெரியும். பெட்டி காலி என்று ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் அதை நிரப்பிவிடும். அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை. "கேக்கறது எப்படின்னே எனக்குத் தெரியல. பழக்கமில்ல" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஆகவே வாங்குவது என்று முடிவு செய்தார்.

திருமணத்துக்கு மூன்று நாள் முன்பு, ஒரு சுற்றுலாக் கப்பல் வந்த நேரமாகப் பார்த்துக் கிளம்பினார். கப்பல்காரர்கள் போடும் மெல்லிய மஞ்சள் பிளாஸ்டிக் மழைச்சட்டை ஒன்று. அதன் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டார். பார்வைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார். மாவுக்கட்டை மழைச்சட்டைக்குள் வைத்துக்கொண்டார். சுற்றுலாக்காரர்களின் வரிசையில் நடுவில் நின்றார்.

காலில் மட்டும், எங்கள் ஊரில் திருமணத்துக்கும் சாவுக்கும் நாங்கள் போடும் அதே பழுப்பு ரப்பர் பூட்ஸ்.

அம்மா பூட்ஸைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவேண்டிய தேவையே வரவில்லை.

"வாங்க மேடம். எந்த ஊரு நீங்க?"

"ஒஹாயோ," என்றது தொப்பி.

"அடேயப்பா, ரொம்ப தூரம். என்ன வேணும்?"

"சிவப்பன். பதினெட்டுப் பக்கம்."

"ஒஹாயோல இதைச் சிவப்பன்னுதான் சொல்லுவாங்களா மேடம்?"

தொப்பி இன்னும் ஒரு அங்குலம் கீழே இறங்கியது. அம்மா உறைந்த பொட்டலங்களை எடுத்துக் கல்லாமேல் அடுக்கினாள். மீனின் ஒரு பக்கத்தை அப்படியே வாரியெடுத்து, காற்றை உறிஞ்சி இறுக்கிய பைகள். ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு பக்கம்.

அதுவரை வெர்னா நன்றாகத்தான் நடித்தார். மீனைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது வேண்டாம். சதை இதழ் இதழாப் பிரிஞ்சிருக்கு பாருங்க. யாரோ வாலைப் பிடிச்சுத் தூக்கியிருக்காங்க. இதுல வயித்துப்பக்கம் ரத்தம் கட்டியிருக்கு. இது வலையில ரொம்ப நேரம் தொங்கினது. இதோ, இது சரி. பைக்குள்ள பனித்தூள் இல்ல, நிறம் ஓரம் வரைக்கும் ஒண்ணா இருக்கு, தோல்ல செதில் பளபளன்னு ஒட்டியிருக்கு."

பின்னால் நின்ற ஒரு பெரியவர் தன் பொட்டலத்தை நீட்டினார். "அம்மா, இது நல்லாருக்கா?"

"கீழ வைங்க அதை. அடியிலேருந்து ரெண்டாவது இருக்கே, அதை எடுங்க."

கால் மணி நேரத்தில் நான்கு குடும்பங்களுக்கு மீன் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டார். அம்மா கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பதினெட்டுப் பக்கமும் எடைபோட்டு விலை சொன்னதும் மழைச்சட்டை அப்படியே விறைத்தது.

"பவுண்டுக்கு இருபத்து நாலு டாலரா? கூடப் படகும் தருவீங்களா?"

"காட்டு மீன் மேடம். தொட்டியில வளத்தது இல்ல. அதான் விலை."

"அது எனக்குத் தெரியாதா!" என்று ஆரம்பித்தவர், "ஒஹாயோல எல்லாருக்கும் தெரியும்" என்று முடித்தார்.

அம்மா வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று நான் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. "ஒஹாயோக்காரங்க ரொம்ப நல்லவங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெர்னா வீட்டுக்குப் போனதும் பைகளில் ஒட்டியிருந்த கடைத் தாள்களை எல்லாம் படிக்காமலேயே உரித்து அடுப்பில் போட்டு எரித்தார். வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொரு பையையும் ஓரத்தில் கீறிக் காற்று புக விட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளக வைத்தார். இறுக்கிய பையோடு மீனை இளகவிடக்கூடாது, வயிற்றுக்கு ஆகாது. சனிக்கிழமை காலையில் எடுத்துத் துணியால் ஈரம் ஒற்றினார். ஒரே கையால், பதினெட்டுப் பக்கம். உப்பை உயரத்தில் இருந்து தூவினார், எல்லா இடத்திலும் சமமாக விழவேண்டும் என்பதற்காக. மேலே பூச வெண்ணெயை உருக்கி, பழுப்புச் சர்க்கரை, எலுமிச்சை, மே மாதம் ஸ்ப்ரூஸ் மரத்தின் இளந்தளிரைக் காய்ச்சி எடுத்த பாகு மூன்றையும் சேர்த்துத் தூரிகையால் தடவினார்.

விரலால் மீனின் நடுவே ஒருமுறை தடவியிருந்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்கும். தடவவில்லை. ஏன் தடவவேண்டும்? ஐம்பத்தேழு வருடத்தில் அவர் சாப்பிட்ட ஒவ்வொரு சிவப்பனிலும் அந்த இடத்தில் முள் இருந்திருக்கிறது.

ஊர் மண்டபத்துக்குப் பின்னால், பீப்பாயைப் பாதியாக அறுத்துச் செய்த அடுப்பில் ஆல்டர் விறகு கனன்றுகொண்டிருந்தது. தோல் கீழே இருக்கும்படி வைத்தார். தடித்த தோள்பக்கம் கனல் அதிகமுள்ள நடுவில், மெல்லிய வால்பக்கம் ஓரத்தில், அதையும் அடியில் மடித்து. காட்டு சால்மனில் கொழுப்பு குறைவு. ஒரு நிமிடம் தவறினால் மரத்தூள். மேலே வெள்ளைச் சாறு முத்துப்போல் கசிய ஆரம்பித்ததும் எடுத்துவிட்டு, மீதி வேகவேண்டியதைத் தட்டிலேயே தன் சூட்டில் வேகவிட வேண்டும். வெர்னா கடிகாரம் பார்ப்பதில்லை. குனிந்து முகர்ந்து பார்ப்பார்.

தட்டின் ஓரத்தில் நீலத் தாள் ஒட்டவேண்டிய நேரம் வந்தது. பேனாவை இடது கையில் எடுத்தார். இடம், தேதி எழுத மனம் வரவில்லை. 'வெர்னா' என்று மட்டும் எழுதினார். சமைத்தது அவர்தானே, அது பொய்யில்லை.

மண்டபத்தில் நாற்பது பேர். நானும் அம்மாவும் ஹால்வரும் ஒரே மேசை. எங்களோடு மாப்பிள்ளையின் அப்பா வெண்டல். பெரிய கைகள், வெயிலில் பாதி சிவந்த நெற்றி. கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்கிறார். வந்த நாளிலிருந்து பார்த்தவர்கள் எல்லாரும் அவரிடம் சொன்னது ஒரே விஷயம்: முள், ஜாக்கிரதை. பெட்ரோல் போடுகிறவர் சொன்னார், பாதிரியார் சொன்னார், நானும் சொன்னேன். அவர் ஒவ்வொரு வாயையும் வெடிகுண்டை மெல்வதுபோல மென்றுகொண்டிருந்தார்.

ஹால்வர் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "போன வருஷத்து மீனா இது? நேத்துப் பிடிச்ச மாதிரில்ல இருக்கு."

"நல்லா கட்டி வச்சா அப்படித்தான் இருக்கும்," என்றார் வெர்னா, தட்டோடு கடந்து போய்க்கொண்டே.

"எந்த இடத்துல பிடிச்சது? தாள்ல போடலியே."

"வழக்கமான இடம்தான்."

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டு தலை நிமிரவில்லை.

வாழ்த்துச் சொல்லும் நேரம் வந்தபோது வெண்டல் எழுந்தார். கூச்சமானவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்குப் பேச வராது. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இந்த ஊருக்கு வந்ததுலேருந்து முள்ளு முள்ளுன்னு எல்லாரும் என்னைப் பயமுறுத்திட்டீங்க. ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டேன். ஒரு முள்கூட இல்ல! சம்பந்தியம்மா, என் உயிரைக் காப்பாத்தினதுக்கு நன்றி."

சிரிக்கவேண்டிய இடம்தான். யாரும் சிரிக்கவில்லை. நாற்பது பேரில் முப்பது பேர் வாயில் மீன் இருந்தது. முப்பது நாக்குகளும் ஒரே நேரத்தில் தேட ஆரம்பித்தன. எங்கள் ஊரில் சால்மன் சாப்பிடும்போது நாக்கு தானாக முன்னால் போய் முள்ளைத் தேடி ஓரத்துக்குத் தள்ளும், மூச்சுவிடுவதைப் போல. அன்று அதற்கு வேலையே இல்லாமல் இருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் ஒரு பக்கக் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஹால்வர் தன் தட்டைக் கிளறினார். என் தட்டைக் கிளறினார். வெண்டலின் தட்டையும் கிளறினார்.

"வெர்னா," என்றார். "முள்ளு எங்கே?"

வெர்னா மண்டபத்தின் நடுவில் தட்டோடு நின்றார். தட்டைப் பார்த்தார். ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த நொடியில்தான் அவருக்கே விஷயம் தெரிகிறது என்று புரிந்தது, ஆனால் என்ன விஷயம் என்று புரியவில்லை.

அதற்குள் ஹால்வர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எல்லாரும் கேளுங்க. ஒரு பக்கத்துக்கு முப்பது முள்ளு. பதினெட்டுப் பக்கம். ஐநூத்துக்கு மேல! இந்தப் பொம்பளை, உடைஞ்ச கையை வச்சுக்கிட்டு, இடது கையால, குறடு பிடிச்சு, ஒவ்வொண்ணா எடுத்திருக்கா. எதுக்கு? நெப்ராஸ்காலேருந்து வந்தவங்க தொண்டையில சிக்கிடக்கூடாதுன்னு!"

மண்டபம் இடிந்து விழுகிறமாதிரி கைத்தட்டல். வெண்டல் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அவர் மனைவி ஓடிவந்து வெர்னாவைக் கட்டிக்கொண்டார். கிர்ஸ்டன் திருமண உடையோடு வந்து அம்மாவின் மாவுக்கட்டில் முத்தம் கொடுத்தாள்.

"அம்மா, ஏம்மா எங்கிட்ட சொல்லல? நான் வந்து எடுத்துக் குடுத்திருப்பேனே!"

வெர்னா சும்மா இருந்திருக்கலாம். என் அம்மா வாயைத் திறந்திருக்கமாட்டாள். அந்த ஐநூறு முள்ளின் கதை எங்கள் ஊரில் நூறு வருடம் ஓடியிருக்கும். ஆனால் அவர் முகம் சிவப்பன் நிறத்துக்கு வந்துவிட்டது. மாட்டிக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். செய்யாத வேலைக்குப் பாராட்டை அவரால் தாங்கமுடியவில்லை. பேருந்தில் பேசும் குரல் வந்தது.

"உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் அவர் வண்டியில் போய்ப் படித்தவர்கள்.

"நான் ஒரு முள்ளும் எடுக்கல. ஆலையில மெஷின் எடுத்தது. இது என் மீன் இல்ல. வாங்கினேன்."

யாரோ கையில் இருந்த முள்கரண்டி தட்டில் விழுந்த சத்தம் கேட்டது.

"வாங்கினியா?" என்றார் பாதிரியார்.

"கடையில. காசு குடுத்து. என் குளிர்பெட்டி மார்ச் மாசமே காலி. நான்தான் செருகியைப் பிடுங்கினேன். கழுகு வந்தது நெத்திலிக்கு இல்ல." அவர் மகளைப் பார்த்தார். "உன் கல்யாணத்துக்கு என் மீனைப் போடணும்னு நினைச்சேன் கிர்ஸ்டன். முடியல. யார்கிட்டயும் கேக்கவும் முடியல. மன்னிச்சிடு."

கிர்ஸ்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் என் அம்மாவின் குரல், அமைதியாக, சோற்றுக்கு நடுவிலிருந்து வந்தது.

"ஒஹாயோலேருந்து வந்த ஒரு அம்மாவுக்கு வித்தேன். ஆள் ஒஹாயோ. பூட்ஸ் மட்டும் நம்ம ஊரு."

முதலில் ஒரு ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். வெர்னா மெதுவாகத் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா லிகாயா?"

"நாலு குடும்பத்துக்கு மீன் பொறுக்கிக் குடுத்தியே, சம்பளம் வாங்காம போயிட்டே. அது சரி, பையில ஒட்டியிருந்த தாளைப் படிக்கவே இல்லியா நீ?"

"கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். வீட்டுக்குப் போனதும் எரிச்சுட்டேன். ஏன்?"

"எந்தப் படகு இறக்கின மீன்னு அதுல போட்டிருக்கும்."

"எந்தப் படகு?"

எங்கள் வீட்டில் விரல் நீட்டிக் காட்டுவது மரியாதை இல்லை. உதட்டைக் குவித்துக் காட்டுவோம். அம்மா உதட்டைக் குவித்தாள். அது ஹால்வரின் பக்கம் திரும்பியது.

ஹால்வருக்குப் புரிய நேரம் ஆனது. தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

"இங்காவா? என் மீனா இது?"

"ஜூன் இருபத்து நாலு," என்றாள் அம்மா.

"அதான் நேத்துப் பிடிச்ச மாதிரி இருக்குன்னு சொன்னேன்! வெர்னா! மூணு தடவை சும்மா தர்றேன்னேன்! கதவைச் சாத்தினே என் மூஞ்சியில!"

"சாத்தினேன்."

"எவ்வளவு குடுத்தே?"

"பவுண்டு இருபத்து நாலு."

ஹால்வர் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ரெண்டு டாலர்தான்டி குடுத்தாங்க," என்றார்.

அதற்குப்பின் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. பாதிரியார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வெண்டலுக்குக் கதை முழுதாகப் புரியவில்லை, ஆனாலும் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். வெர்னா அப்படியே நின்றவர், தோள் குலுங்க ஆரம்பித்து, தட்டை என் மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு என் பக்கத்தில் இருந்த பேனாவை எடுத்து, தட்டின் ஓரத்து நீலத் தாளில் தன் பெயருக்கு மேலே கோணல்மாணலான இடதுகை எழுத்தில் எழுதினார்: 'ஹால்வர், இங்கா, ஜூன் 24'. எல்லாரும் ஒருமுறை வந்து அதைப் படித்துவிட்டு இரண்டாவது தட்டு வாங்கிப்போனார்கள். கடைசியில் ஒரு வால்துண்டுகூட மிச்சமில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் படகுத்துறையில் இருந்தேன். வேலை கேட்க ஒரு படகுக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். வெர்னா தள்ளுவண்டியோடு பாலத்தில் இறங்கி வந்தார். அன்று கடல் நிறைந்திருந்ததால் பாலம் தட்டையாகக் கிடந்தது. 'இங்கா' நிற்கும் இடத்தில் போய் நின்றார். ஹால்வர் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை.

வெர்னா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். வண்டியின் கைப்பிடியைத் துடைத்தார். வானத்தைப் பார்த்தார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

"ஹால்வர்."

"ம்."

"என் குளிர்பெட்டி காலியா இருக்கு."

"அப்படியா."

"கொஞ்சம் மீன் குடு."

ஹால்வர் ஊசியைக் கீழே வைத்தார். "முள்ளோடயா, முள்ளு இல்லாமயா?"

"முள்ளோட. வாயை மூடிக்கிட்டு எடுத்துப் போடு."

வண்டி நிறைந்தது. வெர்னா அதை ஒரே கையால் மேலே தள்ளிக்கொண்டு போனார், நடுவில் இரண்டு முறை நின்று. ஹால்வர் உதவிக்கு எழுந்தார். "அவ்வளவுக்கு வேண்டாம்" என்று வெர்னா திரும்பாமலே சொன்னார். ஹால்வர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டுக்கு வெர்னாவிடமிருந்து ஆறு பொட்டலம் வந்தது. ஒவ்வொன்றிலும் முதலில் ஹால்வரின் பெயர், கீழே அவருடையது. அம்மா அடோபோ என்கிற புளிப்பு இறைச்சிக் குழம்பை ஒரு சட்டி நிறையச் செய்து எடுத்துப்போனாள். வெர்னா சட்டியைத் திறந்து முகர்ந்துபார்த்துவிட்டு, உள்ளே கொண்டுபோய் வைத்தார்.